அலமாரியின் முன் நிற்கும் தாய்

மகப்பேற்றுக்குப் பின் ஆறாவது வாரத்தில் நாங்கள் செய்யும் பரிசோதனை பெரும்பாலும் பதினைந்து நிமிடங்களுக்குள் முடிந்துவிடுகிறது. இரத்த அழுத்தத்தைப் பார்க்கிறோம். தையல் ஆறியிருக்கிறதா, கருப்பை சுருங்கியிருக்கிறதா, தாய்ப்பால் தடையின்றிச் சுரக்கிறதா என்று கேட்டறிகிறோம். அடுத்த கருவைத் தள்ளிப்போடும் வழிகளை விளக்குகிறோம். இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம் என்று நினைவூட்டுகிறோம். எல்லாம் முடிந்து, எழுந்து, கதவின் கைப்பிடியைத் தொட்ட பிறகுதான் பல பெண்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். "டாக்டர், இன்னும் ஒன்று. கேட்டால் சிரிப்பீர்கள்" என்கிறார்கள்.

அந்த இன்னும் ஒன்று உடையைப் பற்றியதாகவோ தலைமுடியைப் பற்றியதாகவோ இருக்கும். திருமணத்துக்குத் தைத்த ரவிக்கைகளில் ஒன்றிலும் கை நுழையவில்லை. சுடிதார் அணிந்தால் வயிறு மட்டும் தனியே தெரிகிறது. மூன்று நைட்டிகளை மாற்றி மாற்றி உடுத்தி ஒன்றரை மாதம் ஓடிவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் வேறு யாரையோ பார்ப்பது போல் இருக்கிறது.

இத்தகைய வினாக்களுக்கு நாங்கள் நெடுங்காலம் ஒரே விடையை வைத்திருந்தோம்: "குழந்தை நன்றாக இருக்கிறதல்லவா அம்மா? அதுதானே முக்கியம்." அன்போடுதான் சொன்னோம். அந்த விடையை ஏன் கைவிட்டோம் என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் மகப்பேறு பார்த்துக்கொண்ட ஒருவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அவரை யாரும் அடையாளம் காணாதவாறு சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். பள்ளியில் கணிதம் கற்பித்துவந்தவர். கருவுற்றிருந்த காலம் முழுவதும் கஞ்சி போட்டுத் தேய்த்த சுங்குடிச் சேலையில்தான் பரிசோதனைக்கு வருவார். அரக்கு, மாம்பழ மஞ்சள், கருநீலம் என்று ஒவ்வொரு முறையும் ஒரு நிறம், அதற்கேற்ற ரவிக்கை, காதில் சிறிய வெள்ளித் தோடு. அவர் வரும் நாளில் எங்கள் செவிலியர்கள் சேலையைப் பார்ப்பதற்காகவே அறைக்குள் எட்டிப் பார்ப்பார்கள்.

குழந்தை பிறந்து ஆறாவது வாரம் அவர் நைட்டியின் மேல் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு வந்தார். பரிசோதனை முடிந்து, கதவருகே நின்று, "இனிமேல் நான் சேலை கட்ட முடியுமா டாக்டர்?" என்று கேட்டார். அறுவைப் பிரசவம் என்பதால் தையலைப் பற்றித்தான் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டோம். "தாராளமாகக் கட்டலாம், தையல் நன்றாக ஆறிவிட்டது. குழந்தையும் நலம், அதுதானே முக்கியம்" என்று சொல்லி அனுப்பினோம். மருத்துவ முறைப்படி அந்த விடையில் பிழை இல்லை. ஆனால் அவர் கேட்டது தையலைப் பற்றியன்று. மூன்று மாதம் கழித்து அவருடைய தாயார் அவரைக் கைபிடித்து அழைத்துவந்தபோதுதான் அது எங்களுக்கு விளங்கிற்று. அவரைப் பற்றிப் பின்னர் மீண்டும் சொல்கிறோம்.

உடலின் நாட்காட்டி

உடை பொருந்தவில்லை என்று வருந்துகிற தாய்மாரில் பலர், தங்கள் உடல் எவ்வளவு காலத்தில் எப்படி மாறும் என்று யாரும் சொல்லாததாலேயே வருந்துகிறார்கள். குழந்தை வெளியே வந்துவிட்டால் வயிறும் உள்ளே போய்விடும் என்று எண்ணியிருந்தோம் என்பார்கள். பிரசவம் முடிந்தவுடன் கருப்பையின் எடை ஏறத்தாழ 1 கிலோ. அது தொப்புள் மட்டத்தில் கைக்குத் தட்டுப்படும். அங்கிருந்து சுருங்கிச் சுருங்கி 100 கிராமுக்கும் கீழே வருவதற்கு ஆறு வாரம் ஆகிறது. ஆகையால் முதல் சில நாட்களில் ஐந்தாறு மாதக் கர்ப்பிணியைப் போலத் தோன்றுவது இயல்பே. பார்க்க வரும் உறவினர் "இன்னும் ஒன்று உள்ளே இருக்கிறதா?" என்று வேடிக்கையாகக் கேட்பதுண்டு. அந்த வேடிக்கையை வார்டின் வாசலிலேயே விட்டுவிட்டு வருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

கருப்பை சுருங்கிய பிறகும் வயிறு முன்தள்ளியே இருந்தால், நடுவயிற்றின் இருபுறத் தசைகளும் விலகியிருப்பது காரணமாக இருக்கலாம். வளரும் கருவுக்கு இடம் விடுவதற்காக அவை விலகுகின்றன. பெரும்பாலோர்க்கு முதல் இரண்டு மாதங்களில் இடைவெளி தானாகவே குறைகிறது, சிலருக்கு நீடிக்கிறது. அப்படி நீடித்தால் இயன்முறை மருத்துவரிடம் பயிற்சி கற்றுக்கொள்ளலாம். யாரோ சொன்னார்கள் என்று படுத்தபடி எழுந்து எழுந்து உட்காரும் பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டாம். அது சில நேரம் நிலைமையை மோசமாக்கும். பழைய பருத்திச் சேலையைக் கிழித்து வயிற்றைச் சுற்றிக் கட்டும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் உள்ளது. மிதமாகக் கட்டினால் இடுப்புக்கு ஆதரவாக இருக்கும். அறுவைக்குப் பின் இருமும்போதும் எழும்போதும் வலி குறையும். மூச்சுத் திணற இறுக்கிக் கட்டினால் அழுத்தம் கீழ்நோக்கி இறங்கி, ஏற்கெனவே தளர்ந்துள்ள இடுப்புத்தளத் தசைகளை வருத்தும். எவ்வளவு இறுக்கினாலும் கருப்பை அதற்கான காலத்தில்தான் சுருங்கும்.

மார்பகத்தின் அளவு ஒரே நாளில் காலைக்கும் மாலைக்கும் மாறுபடுகிறது. பாலூட்டுவதற்கு முன் ஓர் அளவு, பின் ஓர் அளவு. கால்களும் மாறுவதுண்டு. கருக்காலத்தில் தசைநார்கள் தளர்வதால் பாதத்தின் வளைவு சற்றுத் தாழ்ந்து, சிலருக்குச் செருப்பின் அளவே நிரந்தரமாகக் கூடிவிடுகிறது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கும்போது சிறிய செருப்பு காலை வாரிவிடக்கூடும் என்பதால், இது தோற்றத்தைப் பற்றிய செய்தி மட்டுமன்று.

எல்லாவற்றிலும் மிகுதியாகத் தாய்மாரை அஞ்சவைப்பது முடி உதிர்தல். குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்று பாட்டிமார் சொல்வார்கள். காரணம் பொருந்தாவிட்டாலும் காலக்கணக்கு வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது. கருக்காலத்தில் சுரப்புகளின் செல்வாக்கால் வழக்கமாக உதிர வேண்டிய முடிகளும் உதிராமல் நின்றுவிடுகின்றன. கர்ப்பிணியின் கூந்தல் அடர்த்தியாகத் தெரிவது அதனாலேயே. பிரசவத்துக்குப் பின் அந்தத் தாமதப்பட்ட முடிகளெல்லாம் ஒருசேர ஓய்வுநிலைக்குச் சென்று, மூன்று நான்கு மாதம் கழித்து ஒருசேர உதிர்கின்றன. குழந்தை முகம் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கும் பருவமும் அதுவே. சீப்பிலும் குளியலறைச் சல்லடையிலும் கொத்துக் கொத்தாகக் காணும்போது வழுக்கை விழுந்துவிடும் என்று தோன்றும், விழாது. பெரும்பாலோர்க்கு ஓராண்டுக்குள் பழைய அடர்த்தி திரும்புகிறது. நெற்றியோரத்தில் குட்டையாக, எண்ணெய்க்கும் அடங்காமல் நிற்கும் சிறு முடிகள் கூந்தல் திரும்பி வளர்வதன் அடையாளம். ஓராண்டுக்குப் பிறகும் உதிர்வு நிற்காவிட்டாலோ, அதனுடன் களைப்பு, படபடப்பு, எடை ஏற்ற இறக்கம் ஆகியவை சேர்ந்தாலோ எங்களிடம் வர வேண்டும். இரத்தசோகையையும் தைராய்டுக் கோளாறையும் எளிய இரத்தப் பரிசோதனையால் கண்டறிந்துவிடலாம்.

வயிற்றின் கோடுகள் செந்நிறத்திலிருந்து வெள்ளிநிறமாக மங்கும், முற்றிலும் மறைவதில்லை. அவற்றை மறைத்துவிடும் என்று விற்கப்படும் களிம்புகளுக்குப் பணத்தைச் செலவிடுவதை நாங்கள் ஊக்குவிப்பதில்லை. கன்னத்தில் படரும் கரும்படலத்துக்கு வெயிலைத் தவிர்ப்பதே முதல் மருந்து. மருந்துச்சீட்டு இல்லாமல் கடையில் வாங்கும் சிவப்பழகுக் களிம்புகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அவை தோலை மெலியச் செய்து, நிறுத்தியவுடன் முன்னிலும் மோசமாகத் திரும்பிவரும்.

நைட்டியும் நாடாவும்

நைட்டியைப் பழிப்பது எங்கள் நோக்கமன்று. பருத்தித் துணி, தளர்ந்த வெட்டு, முன்புறம் ஜிப். நள்ளிரவில் அரைத்தூக்கத்தில் பாலூட்டும் தாய்க்கு இதைவிட ஏற்ற உடையை ஒரு மருத்துவர் குழுவே கூடி வடிவமைத்தாலும் காண்பது அரிது. பிறந்த குழந்தை நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கிறது. அத்தனை முறையும் கொக்கிகளோடு போராட யாருக்கும் பொறுமை இருக்காது.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், இரவு உடுத்திய நைட்டியே மறுநாள் பகலாகி, மறுநாள் இரவுமாகிவிடும்போது. வீட்டுக்கு யாரேனும் வந்தால் அவசரமாகத் தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு உள்ளறைக்குள் ஒதுங்குகிறார். நாளடைவில் யார் வந்தாலும் வெளியே வருவதில்லை. ஆகையால் நாங்கள் சொல்லும் முதல் யோசனை மிகச் சிறியது: குளித்த பிறகு வேறு உடை. அதுவும் நைட்டியாகவே இருக்கட்டும், ஆனால் பகலுக்கு என்று ஒதுக்கிய, தமக்குப் பிடித்த நிறத்தில் இருக்கும் நைட்டி. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு, அது தாய்க்கு அன்று, வீட்டாருக்கு. அவர் குளித்துத் தலைவாரி வரும்வரை, குழந்தை அழுதாலும் குளியலறைக் கதவைத் தட்டாமல் அதைத் தூக்கி வைத்துக்கொள்ள ஒருவர் வேண்டும். அந்த இருபது நிமிடத்தைக் கணவர்மாரின் மருந்துச்சீட்டிலேயே எழுதிக் கொடுத்தால் என்ன என்று எங்கள் பிரிவில் பேசிக்கொண்டதுண்டு.

சேலை கட்ட விரும்புவோர் உள்பாவாடையின் நாடாவைக் கவனிக்க வேண்டும். ஒரே இடத்தில் நாள்தோறும் இறுகும் மெல்லிய கயிறு இடுப்பில் கருத்த தழும்பையும் அரிப்பையும் உண்டாக்குகிறது. ஆண்டுக்கணக்கில் ஆறாமல் விட்ட புண் புற்றாக மாறியதும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளது. அது மிக அரிது; எனினும் கயிற்றுக்குப் பதிலாக அகலமான நாடாவோ எலாஸ்டிக்கோ வைத்துத் தைத்தால் இரு தொல்லைகளும் இல்லை. அறுவைப் பிரசவம் ஆனவர்களுக்கு இன்னொரு செய்தி. அறுவையின் தழும்பு அடிவயிற்றில் தாழ்ந்து இருக்கிறது. லெக்கின்ஸின் பட்டையும் ஜீன்ஸின் பொத்தானும் சரியாக அங்கேதான் உரசும். தொப்புள் மட்டத்தில் கட்டும் பாவாடை அதற்கு மேலேயே நின்றுவிடுகிறது. சேலைதான் கடினம் என்று எண்ணியிருந்த சிலர், அதுவே தங்களுக்கு வசதி என்று கண்டிருக்கிறார்கள். தழும்பைச் சுற்றிலும் மரத்துப்போன உணர்வு பல மாதம் நீடிக்கலாம். அதற்காக அஞ்ச வேண்டியதில்லை.

ரவிக்கையைப் பொறுத்தவரை, முதல் ஆறு வாரத்துக்குள் புதிதாகத் தைக்க வேண்டாம். பால் சுரப்பு ஒரு சீருக்கு வந்த பிறகு, பாலூட்டுவதற்கு முன்னால், மார்பு நிறைந்திருக்கும்போது அளவு கொடுங்கள். பக்கத் தையலில் இருபுறமும் தாராளமாகத் துணியை உள்ளே விடச் சொல்லுங்கள். பழைய ரவிக்கைகளிலும் நல்ல தையற்காரர் அப்படி விட்டிருப்பார்; பிரித்துப் பார்த்தால் ஒன்றிரண்டு தேறும். இறுக்கமான உள்ளாடையோ அடியில் கம்பி வைத்த உள்ளாடையோ வேண்டாம். பால்நாளங்கள் அழுந்திக் கட்டி உண்டாகவும், சில நேரம் காய்ச்சலுடன் அழற்சி வரவும் அது இடம்கொடுக்கும்.

கருவுறுவதற்கு முன் அணிந்த உடைகளைக் கண்ணெதிரே தொங்கவிடுவதால் எடை குறையும் என்று நம்புவோர் உண்டு. நாங்கள் கண்டவரை குறைவது மனத்தெம்பே. அவற்றைப் பெட்டியில் வைத்து, இன்றைய அளவுக்குப் பொருந்தும் மூன்று நான்கு உடைகளை அலமாரியில் முன்னால் வைப்பது நல்லது. அவற்றைக் கடையில் வாங்க வேண்டும் என்பதில்லை. அக்காவுடையதாகவோ நாத்தனாருடையதாகவோ இருக்கலாம். பெட்டியில் பாச்சை உருண்டை போடும் வழக்கத்தைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. அதில் உள்ள நாப்தலின், ஜி6பிடி என்னும் நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளின் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடுமையான மஞ்சள் காமாலையை உண்டாக்கும். நம் குழந்தைக்கு அந்தக் குறை இருப்பது நமக்குத் தெரிந்திராது. எனவே வேப்பிலையோ வசம்போ போதும். உருண்டை போட்டு வைத்த துணியைத் துவைத்து வெயிலில் உலர்த்தாமல் குழந்தையின் அருகே கொண்டுசெல்ல வேண்டாம்.

அணிகலன்களிலும் சில சிறு திருத்தங்கள் வேண்டும். தாலிச் சங்கிலியில் ஊக்குகளைக் கோத்து வைப்பது நம் பெண்களின் பழக்கம். நான்காவது மாதத்தில் குழந்தையின் கை முதலில் பற்றுவது அந்தச் சங்கிலியைத்தான். அடுத்து அது வாய்க்குப் போகும். ஊக்குகளை முதல் வேலையாகக் கழற்றிவிடுங்கள். ஒட்டும் பொட்டு தாயின் நெற்றியிலிருந்து நழுவிக் குழந்தையின் கன்னத்திலும், பின்னர் தொண்டையிலும் போய் ஒட்டியதைக் கண்டிருக்கிறோம். கொஞ்ச காலம் சாந்தோ குங்குமமோ வைத்துக்கொள்ளலாம். ஜரிகைக் கரை குழந்தையின் தோலைச் சிராய்க்கும். பட்டுக் கட்டும் நாளில் தோளில் மெல்லிய பருத்தித் துணி ஒன்றை விரித்துக்கொள்வது போதும், பட்டையே விலக்க வேண்டியதில்லை.

மல்லிகைப் பூ வைத்துக்கொள்ளலாமா என்பது வாரந்தோறும் எழும் வினா. பால் வற்றிவிடும் என்று மாமியார் தடுக்கிறார் என்பார்கள். இந்த நம்பிக்கையை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. மல்லிகைச் சரத்தை மார்பின்மேல் வைத்துக் கட்டிப் பால் சுரப்பை நிறுத்தும் பழைய வழக்கத்தை வேலூரில் மருத்துவர்கள் ஆராய்ந்து, சுரப்பு உண்மையிலேயே குறைவதாக 1988-இல் ஓர் ஆய்வேட்டில் எழுதினார்கள். ஆனால் அவர்கள் ஆராய்ந்தது மார்பில் கட்டிய பூவை. கூந்தலில் ஒரு முழம் பூச் சூடுவதால் பால் நின்றுபோன ஒரு தாயையும் நாங்கள் கண்டதில்லை. எனவே மாமியாரிடம் வாதிட வேண்டாம், எங்கள் பெயரைச் சொல்லி ஒரு முழம் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறோம்.

மாமியாரைக் குறை கூறுவதாக எண்ண வேண்டாம். பிள்ளை பெற்றவளுக்கு அலங்காரம் எதற்கு என்று கேட்பவர்களுக்குக் கண்ணேறு பற்றிய அச்சமும், தாயும் சேயும் நலமாக இருக்க வேண்டும் என்னும் கவலையும் இருக்கின்றன. மறுபுறம், மூன்றே மாதத்தில் பழைய உருவத்துக்குத் திரும்பிய நடிகையின் படம் கைப்பேசியில் நாள்தோறும் வந்து நிற்கிறது. ஒரு குரல் எதையும் உடுத்தாதே என்கிறது. இன்னொரு குரல் ஏன் இன்னும் அப்படி இல்லை என்கிறது. இரண்டுக்கும் நடுவில், தூக்கமில்லாத ஒரு பெண் அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். ‘பழைய உருவம்’ என்னும் சொல்லையே நாங்கள் விரும்புவதில்லை. நீளக் கூந்தலைத் தோள்வரை வெட்டிக்கொண்டு அதுவே தமக்கு அழகு என்று கண்டவரும், பட்டை விட்டுக் கைத்தறிக்கு வந்தவரும், சுடிதாரை விட்டுச் சேலைக்கு வந்தவரும் எங்களிடம் வருகிறார்கள். அவர்கள் யாரும் திரும்பிப் போகவில்லை.

வேலைக்குத் திரும்பும் நாள்

இவ்வளவு நாள் வீட்டுக்குள் அடங்கியிருந்த கவலை, பணிக்குத் திரும்பும் வாரத்தில் பெரிதாகிவிடுகிறது. 2017-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பின் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு உண்டு. குழந்தைக்கு ஐந்தாறு மாதம் ஆகும்போது பணிக்குத் திரும்புகிறார்கள். முடி உதிர்வு மும்முரமாக இருக்கும் காலமும் அதுவே. கடைசி ஞாயிற்றுக்கிழமை இரவு அலமாரியைத் திறந்து, ஒன்றும் பொருந்தாமல் அழுததாகப் பலர் சொல்லியிருக்கிறார்கள். எனவே பணிக்குத் திரும்புவதற்கு மூன்று வாரம் முன்பே தையற்காரரிடம் போய்விடுங்கள். முன்புறம் திறக்கும் உடையாக இருந்தால் பாலைப் பீய்ச்சி எடுப்பது எளிது. பூப்போட்ட அடர்நிறத் துணியில் பால் கசிந்த ஈரம் தெரியாது. உள்ளே வைக்கும் பஞ்சுறைகளைக் கைப்பையில் இரண்டு மிகுதியாக வைத்துக்கொள்ளலாம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்டுவதற்கென நாளுக்கு இரண்டு இடைவேளைகள் சட்டப்படி உண்டு. கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

‘நேரமில்லை’, ‘எதற்கு’

கணித ஆசிரியையிடம் திரும்புவோம். நான்கரை மாதக் குழந்தையைத் தோளில் போட்டபடி அவருடைய தாயார்தான் பேசினார். மகள் குழந்தைக்கு வேளை தவறாமல் பால் கொடுக்கிறாள், தடுப்பூசி எதையும் விடவில்லை, ஆனால் ஒரு வாரமாகத் தலை வாரவில்லை என்றார். "நல்ல சேலையா உடுத்துற பொண்ணும்மா இவ. பீரோவைத் திறந்தே மூணு மாசம் ஆச்சு." நாங்கள் அவரிடம் நேரமே கிடைப்பதில்லையா என்று கேட்டோம். "நேரம் இருக்கு டாக்டர். எதுக்குன்னு தோணுது" என்றார்.

அன்றிலிருந்து இந்த இரண்டு சொற்களையும் நாங்கள் பிரித்துக் கேட்கப் பழகிவிட்டோம். நேரமில்லை என்பவர் களைத்திருக்கிறார். அவருக்கு உதவியும் உறக்கமும் வேண்டும். நைட்டியிலேயே மகிழ்ச்சியாக இருக்கும் தாய்மாரும் ஏராளம்; அவர்களுக்கு ஒரு நோயும் இல்லை. முன்பு விருப்பமாக இருந்தவை எல்லாம் எதற்கு என்று தோன்றுமானால் அது வேறு. பிரசவத்துக்குப் பின் மூன்றாம் நாள் தொடங்கி வரும் அழுகையும் மனச்சோர்வும் இரண்டு வாரத்துக்குள் தாமாகவே நீங்கும். அதற்கு மேலும் நீடித்தால், அல்லது மாதங்கள் கழித்துத் தொடங்கினால், அது மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதைக் கண்டறிய எடின்பரோ அளவுகோல் என்னும் வினாத்தாள் 1987 முதல் உலகெங்கும் பயன்படுகிறது, தமிழிலும் உள்ளது. கடந்த ஏழு நாட்களைப் பற்றிய பத்து வினாக்கள். சிரிக்க முடிகிறதா, தூக்கம் வருகிறதா, தம்மையே நொந்துகொள்கிறாரா, தமக்குத் தாமே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்றெல்லாம் கேட்கிறது. உடையைப் பற்றி ஒரு வினாவும் அதில் இல்லை. ஆனால் அந்தப் பத்தையும் கேட்க வேண்டும் என்று எங்களுக்கு நினைவூட்டியிருக்க வேண்டியது, கதவருகே நின்று அவர் கேட்ட அந்த ஒரு வினா. கடைசி வினாவுக்கு அவர் "சில நேரம்" என்று குறித்திருந்தார்.

இந்நோய்க்கு மருத்துவம் உண்டு. பாலூட்டுவதை நிறுத்தாமலேயே உட்கொள்ளத்தக்க மருந்துகளும் உண்டு. மனநல மருத்துவரைப் பார்ப்பதால் குழந்தையை யாரும் பிரித்துவிட மாட்டார்கள். இரவில் எண்ணங்கள் மிகுந்து தனித்திருக்கும் நேரத்தில் அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் இதையே சொல்கிறோம். அவள் சோம்பேறியாகிவிட்டாள் என்று தோன்றும் நாளில், ஒரு முறை அருகில் உட்கார்ந்து, நேரமில்லையா, மனமில்லையா என்று கேட்டுப் பாருங்கள்.

மருந்து தொடங்கி ஐந்தாவது வாரம் ஆசிரியையின் தாயார் தொலைபேசியில் அழைத்தார். முந்தின நாள் மதியம் மகள் தானாகவே பீரோவைத் திறந்து, ஒரு சேலையை எடுத்துப் பார்த்துவிட்டு மீண்டும் மடித்து வைத்துவிட்டதாகச் சொன்னார். உடுத்தவில்லையே என்று அவருக்கு ஏமாற்றம். எங்களுக்கு அன்று முழுவதும் அது போதுமானதாக இருந்தது.

குழந்தைக்கு எட்டு மாதம் ஆனபோது அவர் நேரில் வந்தார். பலமுறை துவைத்து மென்மையான, கஞ்சி போடாத அரக்குச் சுங்குடி. கஞ்சி மொடமொடப்பு குழந்தையின் கன்னத்தில் உரசுகிறதாம். ரவிக்கை பழையதுதான், பக்கத் தையலைப் பிரித்துவிட்டிருந்தார். உள்ளே மடிந்திருந்த துணி வெயில் காணாததால் இருபுறமும் ஒரு விரல் அகலத்துக்கு அடர்ந்த நிறம் தெரிந்தது.

"பட்டை பட்டையாகத் தெரிகிறதா டாக்டர்?" என்று கேட்டார். நாங்கள் எழுந்து வந்து பார்த்து, முந்தானைக்குள் மறைந்துவிடும் என்றோம். எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த செவிலியர், "இடது பக்கம் மறையும் மேடம். வலது பக்கம் நன்றாகத் தெரிகிறது" என்றார். ஆசிரியை குனிந்து தம் வலது இடுப்பைப் பார்த்துக்கொண்டார். பிறகு, இந்தத் தையலை இன்னும் கொஞ்சம் பிரிக்க இடம் இருக்கிறதா என்று செவிலியரிடம் கேட்கத் தொடங்கினார்.